தாளின் அளவு வேறு, பிடிஎஃப் பக்கத்தின் அளவு வேறு

சென்னை ஆண்டர்சன் தெருவின் அழைப்பிதழ்க் கடைகளிலும், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளின் டிடிபி மையங்களிலும் அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. 7×5 அங்குல அழைப்பிதழை வீட்டிலேயே வடிவமைத்து, பிடிஎஃப்பாக மாற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வாடிக்கையாளர் கடைக்கு வருகிறார். கடைக்காரர் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்திப் பக்க அளவைப் பார்க்கிறார். திரையில் 210×297 மி.மீ. என்று இருக்கிறது. அழைப்பிதழ் ஏ4 பக்கத்தின் நடுவில் வெள்ளைக் கடலில் தீவு போல நிற்கிறது. "நான் 7×5தான் வைத்தேன்" என்கிறார் வாடிக்கையாளர். "ஏ4 ஆகத்தான் வந்திருக்கிறது" என்கிறார் கடைக்காரர். இருவர் சொல்வதும் உண்மையே.

ஓர் ஆவணம் எழுதப்படும் இடத்திலிருந்து தாளில் ஏறும் இடம் வரை மூன்று வெவ்வேறு அளவுகள் வேலை செய்கின்றன: செயலியில் நாம் வகுத்த பக்கம், பிடிஎஃப் கோப்புக்குள் பதிவான பக்கம், அச்சுப்பொறியில் கிடக்கும் தாள். இம்மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவை வேறுபடும்போது இடையில் உள்ள ஏதோ ஒரு மென்பொருள் நம்மைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறது. எந்த இடத்தில் அந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பது தெரிந்தால், தவறை அச்சுக்கு முன்பே பிடித்துவிடலாம்.

பக்கம் என்பது நான்கு எண்கள்

1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப்பை அறிமுகப்படுத்தியது. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. தொடக்கம் முதலே அதன் அடிப்படை அலகு பாயின்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே மில்லிமீட்டரை 2.8346ஆல் பெருக்கினால் பாயின்ட் கிடைக்கும். 210×297 மி.மீ. கொண்ட ஏ4 தாள் ஏறத்தாழ 595.28×841.89 பாயின்ட். நம் 7×5 அங்குல அழைப்பிதழ் 504×360 பாயின்ட்.

கோப்புக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் மீடியா பாக்ஸ் என்றொரு பதிவு உண்டு. அதில் இருப்பவை நான்கு எண்கள்: இடப்பக்கக் கீழ் மூலையின் இரண்டு ஆயங்கள், வலப்பக்க மேல் மூலையின் இரண்டு ஆயங்கள். அழைப்பிதழுக்கு அது 0, 0, 504, 360 என்று இருக்கும். "ஏ4", "லீகல்" போன்ற பெயர்கள் அந்தப் பதிவில் இல்லை. எண்களைப் பார்த்துப் படிப்பான் செயலிதான் பெயரை ஊகித்துக் காட்டுகிறது. பிடிஎஃப்பைப் பொறுத்தவரை எல்லா அளவுகளும் எண்களே என்பதால், நமக்கென ஓர் அளவைக் கேட்பது அதற்குச் சிறப்புக் கோரிக்கையே அல்ல. ஒரே கோப்பில் முதல் பக்கம் ஏ4 ஆகவும், இரண்டாம் பக்கம் ஏ3 வரைபடமாகவும், மூன்றாம் பக்கம் சிறு ரசீதாகவும் இருப்பதற்கும் தடை இல்லை.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் பேச்சில் "சைஸ்" என்ற ஒரே சொல் பக்கத்தின் நீள அகலத்தையும் குறிக்கிறது, கோப்பு எத்தனை கேபி என்பதையும் குறிக்கிறது. இணையவழி விண்ணப்பத்தில் "200 கேபிக்குள் இருக்க வேண்டும்" என்று கேட்டால், பிரவுசிங் சென்டரில் "சைஸைக் குறைத்துக் கொடுங்கள்" என்கிறோம். சிலர் உடனே பக்கத்தை ஏ4இலிருந்து ஏ5ஆக மாற்றுகிறார்கள். அதனால் கோப்பின் எடை குறைவதில்லை. பக்கத்தின் உள்ளே இருக்கும் படத்தின் பிக்சல்கள் அப்படியே இருக்கும். அவை சிறிய பக்கத்தில் நெருக்கமாக அமர்கின்றன, அவ்வளவுதான். எடையைக் குறைக்க வேண்டுமானால் படத்தின் பிக்சல்களையோ அதன் சுருக்கத் தரத்தையோதான் குறைக்க வேண்டும்.

இதே குழப்பம் தலைகீழாகவும் வரும். 4000×3000 பிக்சல் கொண்ட கைபேசிப் படத்தைப் பிடிஎஃப்பாக மாற்றும் செயலி, அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று எடுத்துக்கொண்டால் பக்கம் 55 அங்குலத்துக்கும் அதிகமான அகலத்தில் அமையும். 300 என்று எடுத்துக்கொண்டால் அதே படம் சுமார் 13.3×10 அங்குலத்தில் அடங்கிவிடும். ஸ்கேன் செய்த சான்றிதழ் சில சமயம் சுவரொட்டி அளவில் திறப்பதற்குக் காரணம் இதுதான்.

வெட்டுக் கோடும் அதற்கு வெளியே உள்ள இடமும்

மீடியா பாக்ஸைத் தவிர மேலும் நான்கு பெட்டிகளைப் பிடிஎஃப் அறியும்: கிராப் பாக்ஸ், ப்ளீட் பாக்ஸ், டிரிம் பாக்ஸ், ஆர்ட் பாக்ஸ். கடைசியானதை அச்சக வேலையில் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. கிராப் பாக்ஸ் என்பது திரையில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைச் சொல்வது. அதன் அபாயத்தைப் பின்னர் பார்ப்போம். அச்சகத்துக்கு உயிர்நாடி டிரிம் பாக்ஸும் ப்ளீட் பாக்ஸுமே.

கட்டிங் மெஷின் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தாள்களை வெட்டுகிறது. கத்தி ஒரு மயிரிழை விலகினாலும், விளிம்பு வரை அடர்சிவப்பாக இருக்க வேண்டிய அழைப்பிதழின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிந்துவிடும். அதற்காகவே நிறத்தை வெட்டுக் கோட்டைத் தாண்டி நான்கு பக்கமும் வழக்கமாக 3 மி.மீ. நீட்டுகிறார்கள், அந்த நீட்சிதான் ப்ளீட். 7×5 அங்குலம் என்பது 177.8×127 மி.மீ. ப்ளீட்டுடன் சேர்த்தால் 183.8×133 மி.மீ. வெட்டுக் குறிகளும் வேண்டுமென்றால் மீடியா பாக்ஸ் அதைவிடவும் பெரிதாகும். அப்போது வாடிக்கையாளர் கோப்பைத் திறந்து "அளவு கூடிவிட்டதே" என்று பதறத் தேவையில்லை: முடிவில் கைக்கு வரும் அட்டையின் அளவு டிரிம் பாக்ஸ், மீடியா பாக்ஸ் அதைச் சுற்றியுள்ள வேலைத்தளம்.

வேர்டு போன்ற எழுத்துச் செயலிகள் ப்ளீட்டை அறியா. விளிம்பு வரை நிறம் ஓடும் வேலையை இன்டிசைன், ஸ்கிரைபஸ், கோரல்டிரா போன்ற பக்க வடிவமைப்புச் செயலிகளில் செய்வதே முறை.

அளவு கைநழுவும் இடம்

பிடிஎஃப் உருவாக இரண்டு பாதைகள் உண்டு. இவற்றின் வேறுபாட்டை அறியாததே பாதிக்கு மேற்பட்ட குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

1. ஏற்றுமதிப் பாதை. "சேவ் ஆஸ்", "எக்ஸ்போர்ட்" ஆகிய கட்டளைகள் வழியாகச் செயலி தானே பிடிஎஃப்பை எழுதுகிறது. ஆவணத்தில் நாம் வகுத்த பக்க அளவு நேராக மீடியா பாக்ஸுக்குச் செல்கிறது.

2. அச்சுப் பாதை. "பிரிண்ட்" கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிப் பட்டியலில் "பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்கிறோம். இங்கே பிடிஎஃப்பை எழுதுவது அச்சுப்பொறியாக வேடமிட்ட ஒரு மென்பொருள். அதனிடம் தனக்கென ஒரு தாள் பட்டியல் இருக்கிறது. 7×5 அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது தன்னிடம் உள்ள ஓர் அளவைப் பிடித்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் ஏ4, சில கணினிகளில் அமெரிக்க லெட்டர்.

தொடக்கத்தில் சொன்ன வாடிக்கையாளர் இரண்டாவது பாதையில் சென்றவர். ஆவணத்தில் 7×5 வைத்தது உண்மை. இடையில் நின்ற போலி அச்சுப்பொறி அதை ஏ4 தாளின் மேல் வைத்து அனுப்பியதும் உண்மை. ஏற்றுமதி வசதி இருக்கும் செயலியில் அச்சுப் பாதையைத் தொடவே வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

வேர்டில் "லேஅவுட்" பட்டியில் "சைஸ்" என்பதன் அடியில் "மோர் பேப்பர் சைசஸ்" இருக்கிறது. அங்கே அகலத்தையும் உயரத்தையும் இட்ட பிறகு, அதே பெட்டியின் அடியில் உள்ள "அப்ளை டு" என்பதைக் கவனிக்க வேண்டும். அது "திஸ் செக்‌ஷன்" என்று இருந்தால் ஒரு பிரிவு மட்டுமே மாறும். புத்தகத்தின் முதல் அத்தியாயம் ஓர் அளவிலும் மீதி ஏ4இலும் வருவது இதனால்தான். வேர்டின் உச்ச வரம்பு 22 அங்குலம் என்பதால் சுவரொட்டி வேலைக்கு அது உதவாது. லிப்ரே ஆபிஸில் "ஃபார்மட்" பட்டியின் "பேஜ் ஸ்டைல்" வழியாக இதே வேலை நடக்கும். அங்கே அளவு பக்கப் பாணியோடு பிணைந்திருப்பதால், ஒரே ஆவணத்துக்குள் இரண்டு பாணிகளை வைத்து இரண்டு அளவுகளைத் தெளிவாகக் கையாளலாம்.

இரண்டிலும் எண்ணுக்குப் பின்னால் அலகையும் சேர்த்துத் தட்டச்சு செய்வது நல்ல பழக்கம். பெட்டி அங்குலத்தில் இருக்கும்போது சென்டிமீட்டர் என்று நினைத்து 14 என்று இட்டால், பக்கம் இரண்டரை மடங்கு பெரிதாகிவிடும்.

வலைப்பக்கத்திலிருந்து ரசீதையோ சான்றிதழையோ உருவாக்குபவர்கள், பக்க அளவை உலாவியின் அச்சுப் பெட்டியில் தேடாமல், சிஎஸ்எஸ் எனப்படும் பாணி விதிகளில் அச்சுப் பக்கத்துக்கென உள்ள விதியிலேயே எழுதிவிட வேண்டும். நிரல் எழுதி பிடிஎஃப் உருவாக்க உதவும் லைப்ரரிகளில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளில், பெரும்பாலானவை பாயின்ட்டையே எதிர்பார்க்கின்றன. மில்லிமீட்டரை அப்படியே கொடுத்தால் 140×215 மி.மீ. புத்தகப் பக்கம் உள்ளங்கைக்குள் அடங்கும் சீட்டாக வந்து நிற்கும்.

டெமி, கிரௌன், லேபிள், ரசீது

அச்சகத்தாரின் அளவுகள் ஏ வரிசையில் இல்லை. அவை முழுத்தாளை மடித்துப் பிறந்தவை. டெமி முழுத்தாள் 17.5×22.5 அங்குலம். அதை மூன்று முறை மடித்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது டெமி 1/8, ஏறத்தாழ 143×222 மி.மீ. மூன்று ஓரங்களையும் வெட்டிச் சீராக்கிய பிறகு புத்தகம் சுமார் 140×215 மி.மீ. என்ற அளவில் கைக்கு வருகிறது. கிரௌன் முழுத்தாள் 15×20 அங்குலம். அதில் எட்டில் ஒன்று 5×7.5 அங்குலம். தமிழ் நூல்களில் மிகப் பல இவ்விரண்டில் ஒன்றில் வருபவை. வெட்டிய பின் எஞ்சும் அளவு அச்சகத்துக்கு அச்சகம் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், "டெமி" என்ற பெயரோடு நின்றுவிடாமல் மில்லிமீட்டரில் எண்ணைக் கேட்டு வாங்கி, தட்டச்சைத் தொடங்கும் முன்பே அதை இட வேண்டும். 140×215 என்றால் பாயின்ட்டில் 396.85×609.45.

தொடங்கும் முன்பே என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. பிடிஎஃப்பில் வரிகள் நிலையாக நிறுத்தப்பட்டவை. பக்கத்தைச் சுருக்கினால் வரிகள் மறுபடி ஓடி அமையா, எல்லாம் ஒருசேரச் சுருங்கும். ஏ4இல் 12 பாயின்ட்டில் தட்டச்சு செய்த நாவலை டெமி 1/8க்குச் சுருக்கினால் அகலம் சுமார் 68 விழுக்காடாகிறது. எழுத்து 8 பாயின்ட்டுக்கு இறங்குகிறது. ஆங்கில எழுத்து அந்த அளவிலும் ஓரளவு தாங்கும். தமிழில் ணகரத்தின் மூன்று சுழிகளும் னகரத்தின் இரண்டு சுழிகளும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். மெலிந்த எழுத்துருவாக இருந்தால் மேப்லித்தோ தாளில் மை பரவி, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போட்ட மூத்த வாசகருக்கு நாம் செய்யும் அநீதி அது.

அட்டைக்கு வேறொரு கணக்கு. பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம். 200 பக்கம் என்றால் 100 இதழ்; ஓர் இதழின் தடிமன் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் முதுகு 10 மி.மீ. ஆகவே அட்டையின் அகலம் 140+10+140 = 290 மி.மீ.; ப்ளீட்டுடன் 296. தாளை மாற்றினால் முதுகு மாறும், முதுகு மாறினால் பக்க அளவே மாறும். உள்பக்கங்கள் முடிவாகி, தாளும் உறுதியான பிறகுதான் அட்டைக்கு அளவு இட முடியும்.

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள் போன்ற இடங்களிலிருந்து இணையவழியில் விற்கும் சிறு வணிகர்களுக்கு வரும் சிக்கல் கூரியர் லேபிள். பரவலாகப் பயன்படும் லேபிள் 4×6 அங்குலம், அதாவது 288×432 பாயின்ட். ஏ4 பக்கத்தில் உருவான லேபிளை அந்தச் சுருளில் அடித்தால் எல்லாம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கி, பார்கோடின் கோடுகள் ஸ்கேனருக்குப் பிடிபடாத அளவுக்கு நெருங்கிவிடக் கூடும். மளிகை, மருந்துக் கடைகளின் பில் அச்சுப்பொறியில் அகலம் 80 அல்லது 58 மி.மீ.; ஏ4 பில் 80 மி.மீ.க்குச் சுருங்கும்போது 38 விழுக்காடாகிறது, 12 பாயின்ட் எழுத்து நாலரையாகிறது. அகலத்தைச் சரியாக இட்டு உயரத்தை மட்டும் 297 மி.மீ. என்றே விட்டுவிட்டால், மூன்று வரி பில்லுக்குப் பின்னால் வெற்றுத்தாள் முழம் முழமாக ஓடும். ஆகவே பில் மென்பொருளில் உயரத்தை வரிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டு இட வேண்டும்.

இருபது அடி ஃப்ளெக்ஸ் ஏன் அடங்குவதில்லை

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு திருவிழாவுக்கு 20×10 அடி ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி என்பது 240 அங்குலம். 72ஆல் பெருக்கினால் 17,280 பாயின்ட். அடோபியின் பிடிஎஃப் செயலியான அக்ரோபாட் நெடுங்காலமாகக் கடைப்பிடித்த உச்ச வரம்பு 14,400 அலகு, அதாவது 200 அங்குலம், 16 அடி 8 அங்குலம். அதற்கு மேல் போனால் செயலி மறுக்கலாம், அல்லது பக்கத்தை வெட்டிவிடலாம்.

2004இல் வந்த பிடிஎஃப் 1.6 இதற்கு ஒரு வழி செய்தது. யூசர் யூனிட் என்ற பதிவின் மூலம் "இந்தப் பக்கத்தில் ஓர் அலகு 10 பாயின்ட்டுக்குச் சமம்" என்று அறிவிக்கலாம். ஆனால் அந்தப் பதிவைக் கண்டுகொள்ளாத மென்பொருள்கள் இன்றும் உண்டு; அவற்றில் அந்த ஃப்ளெக்ஸ் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். எனவே 1:10 விகிதத்தில் 24×12 அங்குலப் பக்கமாக உருவாக்கி, கோப்பின் பெயரிலேயே "1:10" என்று எழுதி அனுப்புவதே நம்பகமான வழி. அப்போது படத்தின் தெளிவையும் பத்து மடங்காகக் கணக்கிட வேண்டும்: முழு அளவில் அங்குலத்துக்கு 72 பிக்சல் வேண்டுமென்றால், சிறிய பக்கத்தில் அது 720 ஆக இருக்க வேண்டும்.

சரியான கோப்பையும் கெடுக்கும் "ஃபிட்"

பக்க அளவு சரியாக இருந்தாலும் அச்சுப் பெட்டியில் "ஃபிட்" தேர்வாகியிருந்தால் அச்சுப்பொறி பக்கத்தைத் தாளுக்கேற்ப நீட்டும் அல்லது சுருக்கும். ஏ4 பக்கத்தை ஏ4 தாளில் அடிக்கும்போதுகூட, ஓரத்தில் மை ஏற்ற முடியாத இடத்தை விட்டுச் சில விழுக்காடு குறைத்துவிடும். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 விழுக்காடு என்பதே பாதுகாப்பான தேர்வு.

கடிதத்துக்கு இதனால் கேடு இல்லை. வீட்டு வரைபடத்துக்கு உண்டு. 1:100 விகிதத்தில் ஏ3இல் வரைந்த வரைபடத்தில் 20 அடி முகப்பு 61 மி.மீ. நீளத்தில் இருக்கும். அதே பக்கத்தை ஏ4 தாளில் "ஃபிட்" கொடுத்து எடுத்தால் 43 மி.மீ. ஆகிறது. விகிதத்தை நம்பி அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த மனை 14 அடி அகலமாகத் தெரியும். குறுகிய மனைகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் அந்த ஆறு அடி பெரிய வழக்காகிவிடும். வரைபடத்தின் மூலையில் 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோட்டை வரைந்து, "இக்கோடு 100 மி.மீ." என்று எழுதிவைத்தால், அச்சான தாளை எவரும் அளவுகோலால் சோதித்துக்கொள்ளலாம்.

கிராப் செய்தது அழிவதில்லை

ஆதார் பிடிஎஃப்பை அடையாள அட்டையாக அடித்துத் தரும் கடைகளில், அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள அட்டைப் பகுதியை மட்டும் கிராப் செய்து 85.60×53.98 மி.மீ.க்குக் கொண்டுவருகிறார்கள். வங்கி அட்டைகளுக்கும் உரிய ஐஎஸ்ஓ அளவு அது. பாயின்ட்டில் சுமார் 242.65×153.01. அச்சுக்கு மட்டும் என்றால் இதில் தவறில்லை.

ஆனால் பிடிஎஃப் செயலியின் கிராப் கருவி பொதுவாகச் செய்வது, கிராப் பாக்ஸின் எண்களை மாற்றுவது மட்டுமே. மறைந்த பகுதி, அதிலுள்ள முகவரியும் எண்ணும் உட்பட, கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. அந்தக் கோப்பைப் பெற்றவர் பெட்டியின் எண்களைப் பழையபடி மாற்றினால் எல்லாம் மீண்டும் தெரியும். வாடகை ஒப்பந்தத்துக்கோ வேலைக்கோ சான்றை அனுப்பும்போது, "தேவையில்லாததை வெட்டிவிட்டேன்" என்று நம்பி அனுப்புபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உள்ளடக்கத்தை உண்மையாகவே நீக்க வேண்டுமானால், அதற்கென உள்ள "ரிடாக்ட்" கருவியைப் பயன்படுத்த வேண்டும். அது இல்லையென்றால், தெரியும் பகுதியை மட்டும் படமாகச் சேமித்து, அந்தப் படத்திலிருந்து புதிய பிடிஎஃப்பை உருவாக்க வேண்டும். ஆதாரைப் பொறுத்தவரை, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் "மாஸ்க்டு ஆதார்" கோப்பை ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். அதில் முதல் எட்டு எண்கள் தொடக்கத்திலேயே மறைக்கப்பட்டிருக்கும்.